கொடுக்காமல் இருப்பதும் வைத்தியம்தானா?

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் ஏதாவது ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டுமா, கொடுக்காமல் உடனிருந்து பார்த்துக்கொள்வதும் கடமையைச் செய்ததாகுமா என்பது அறம் சார்ந்த கேள்வி. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் ஊர்களில் மார்கழிப் பனியில் பிள்ளைக்கு மூக்கொழுகத் தொடங்கினால் கோயிலில் திருநீறு போடுவார்கள். மருந்துக்கடையில் ஒரு சிரப்பும் வாங்குவார்கள். வாங்காத தாய்க்குத்தான் "பிள்ளை இருமுது, சும்மா இருக்கியே" என்ற பேச்சு.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. பெரும்பாலும் பத்து நாளுக்குள் தானே தணியும். இருமல் இன்னும் சில நாள் இழுக்கலாம். ஆன்டிபயாடிக் இதற்குக் கேட்காது. இருமல் சிரப்பும் சிறு பிள்ளைகளுக்குப் பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், சளி காய்ச்சலுக்காகக் கோல்ட்ரிஃப் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழகத்தில் நடந்த சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்னும் தொழிற்சாலை நஞ்சு இருந்தது தெரிந்தது. 1972இல் சென்னையிலும் இதே நஞ்சு பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது. நம்பிக் கொடுத்த பெற்றோர்மீது பழி இல்லை. பழி அதைத் தயாரித்தவர்மீதும் சோதிக்கத் தவறியவர்மீதும்தான். 2025 அக்டோபரில் ஒன்றிய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம், இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குள் பொதுவாக அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்றும் அறிவுறுத்தியது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்ற நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என்கிறது. பிள்ளையின் சளியில் முழுப் பாரமும் அந்த நாலாமவர்மேல் வருகிறது. பாலூட்டும் முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுத் துடைக்க வேண்டும். மூக்கடைத்த பிள்ளை நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சுக்காக விடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்குத் தேன் நல்லது. அதற்குள் ஒரு சொட்டும் ஆகாது, கைக்குழந்தையின் குடலில் பாட்டுலிசம் கிருமி வளர இடமுண்டு. கற்பூரம் கலந்த எண்ணெய் வலிப்பை வரவழைக்கக்கூடியது. வீட்டு மருந்து என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

இந்தப் பொறுமை கண்ணை மூடிக்கொண்டு இருப்பதல்ல. பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வலிப்பு கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் கண்டாலும் அப்படியே. திருநீறு பூசுவதில் தடையில்லை, புறப்படுவது அதனால் தள்ளிப்போகக் கூடாது.