மிகுபொருள் விரும்பாமையும் அன்னையர் கண்ட அமைதியும்



இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் கொல்லாமை முதலாவது. மிகுபொருள் விரும்பாமை இறுதியானது. இவ்விரண்டிற்கும் உள்ள உறவை நாம் பலகால் மறந்துவிடுகிறோம். அளவிறந்த பொருளாசை வேரூன்றிய இடத்தில் கொலையும் முளைக்கும். பசிபிக் பெருங்கடலிலுள்ள போகன்வில் தீவின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

பப்புவா நியூகினி நாட்டைச் சார்ந்த அத்தீவில், பங்குனா என்னுமிடத்தில் 1972ஆம் ஆண்டு பெரியதொரு செப்புச் சுரங்கம் இயங்கத் தொடங்கிற்று. செம்பும் பொன்னும் கடல் கடந்து சென்றன. கழிவு ஜாபா ஆற்றில் கலந்தது. நிலத்திற்குரியோர் பெற்ற பங்கோ மிகச் சிறிது. 1988இல் கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது. 1990இல் அரசு தீவினை முற்றுகையிட்டமையால் நோயாளர்க்கு மருந்தும் அரிதாயிற்று. பின்னர்த் தீவினரே தம்முள் பிரிந்து பொருதனர். மாண்டோர் பல்லாயிரவர்.

இத்தீயைத் தணிக்க முற்பட்டோருள் சிறந்தோர் அத்தீவின் அன்னையர் ஆவர். அங்குப் பெரும்பாலான குடிகளில் நிலவுரிமை தாய்வழியே வருவது. ஆதலின் அவர்தம் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. திருச்சபைகளைச் சார்ந்த மகளிர் கானகம் புகுந்து, ஆயுதம் ஏந்திய தம் மைந்தரை வீடு திரும்புமாறு வேண்டினர். 1996இல் ஏறத்தாழ 700 பெண்கள் அராவா நகரில் கூடி அமைதிக்கு வழி ஆராய்ந்தனர். 1998 தொடக்கத்தில் நியூசிலாந்தில் நடந்த பேச்சிலும் மகளிர் பங்கு கொண்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் போர் நிறுத்தமும், 2001இல் அமைதி உடன்படிக்கையும் ஏற்பட்டன. அமைதியைக் கண்காணிக்க வந்த அயல்நாட்டாரும் ஆயுதமின்றியே வந்தனர். 2019ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் தனிநாடு வேண்டுமென்றனர். சுரங்கத்தால் விளைந்த கேடு இன்றும் நீங்கவில்லை. எனினும் மக்கள் தம் உரிமையைத் துப்பாக்கியின்றிக் கேட்கும் நிலை வந்துள்ளது.

ஒரு பொருள் பல தன்மையுடையது என்பது அநேகாந்தம். பகைவர் கூற்றிலும் ஒரு பகுதி உண்மை இருக்கலாம் என்று செவி சாய்ப்பவரே சமாதானம் செய்ய வல்லவர். அரசும் துறவியரும் பார்த்துக்கொள்வர் என்று இல்லறத்தார் ஒதுங்கியிருத்தல் தகாது.

தசலட்சணப் பர்வத்தின் முதல் நாளில் உத்தம க்ஷமையைச் சிந்திக்கிறோம். ஒரு முழ நிலத்திற்காகப் பங்காளியோடு பல்லாண்டு பேசாதிருப்போர் நம்மிடையேயும் உளர். சகோதரிகளே, அவ்வீட்டு வாயிலை முதலில் மிதிக்கும் கால் நம்முடையதாகட்டும். அதுவே நம் விரதத்தின் பயன்.

அறம் வளர்க!