குமிழியின் வலிமை

தீமை தனியாக இருக்கும் ஒன்றா, நன்மை இல்லாத வெற்றிடம் மட்டுமா? நன்மையின் குறைவுதான் தீமை, அதற்கெனத் தனி இருப்பு கிடையாது என்றார் அகஸ்தீன். தீமைக்கு வேரான ஆணவமலம் என்ற அழுக்கு வெறும் அறிவின்மை அன்று, செம்பில் களிம்புபோல உயிரை அநாதியாகப் பற்றிய உள்பொருள் என்கிறது சைவ சித்தாந்தம். இந்த வழக்கில் நீர்மின் நிலையத்து டர்பைனையும் சாட்சிக்கு அழைக்கலாம். டர்பைனின் சுழலும் சக்கரமான ரன்னரில், பிளேடின் வளைவில் நீர் விரையும்போது அழுத்தம் சரிகிறது. 25 டிகிரியில் அது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைந்தால் போதும், நீர் கொதித்துக் குமிழி விடும். உள்ளே நீராவி தவிர அநேகமாக ஒன்றுமில்லை. சற்றுத் தள்ளி அழுத்தம் கூடியதும் சுற்றியுள்ள நீர் பாய்ந்து அதை நசுக்குகிறது. அந்த நசுக்கலில் எழும் பேரழுத்தத்தைத்தான் 1917இல் ரேலி பிரபு கணக்கிட்டுக் காட்டினார். பிளேடை ஒட்டி இது திரும்பத் திரும்ப நடந்தால் அதில் குழி விழுகிறது. ஆக, மின்சாரம் தருகிற அதே நீர்தான் எஃகையும் பெயர்க்கிறது. தீமைக்குச் சொந்த பலமில்லை, நன்மையிடம் வாங்கிய பலம்தான் என்பதுவரை அகஸ்தீன் சரி.

ஆனால் பழுதுபார்க்கும் வேலை இன்னொன்றையும் சொல்கிறது. குழி என்பது உலோகம் இல்லாத இடம்தானே, நிரப்பினால் தீர்ந்தது என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. அரிபட்ட பகுதியை நல்ல உலோகம் தென்படும்வரை முதலில் தோண்டி எடுக்கிறார்கள். பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் அடுக்கடுக்காக வெல்டிங் செய்து, கிரைண்டிங்கில் வழவழப்பாக்கி, டெம்ப்ளேட் வைத்து வளைவைச் சரிபார்க்கிறார்கள். வெல்டிங்கில் ஒரு சிறு மேடு தங்கிவிட்டாலும் அதற்கு அடுத்தாற்போல் புதுக் குழி விழும். வளைவே தவறென்றால் எத்தனை முறை நிரப்பினாலும் பழைய இடத்திலேயே அரிக்கும். வெறும் இன்மை இப்படி ஓர் ஒழுங்கோடு திரும்பி வராது. இதில் நான் சித்தாந்தியின் பக்கம்.

நீரை நிறுத்தினால் குமிழியே இல்லையே, உள்பொருள் என்று எதைக் காட்டுவாய் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையில் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. வேகம், அழுத்தம், வடிவம் மூன்றும் கூடும் உறவில்தான் அது இருக்கிறது. ஆனாலும் அந்த உறவு எஃகைத் தின்கிறது, அதை மாற்றினால்தான் தின்பது குறைகிறது. இருப்பு என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? எந்திரத்துக்கு மனமில்லை, பாவமுமில்லை என்பது அடுத்த மறுப்பு. உண்மை, நான் பழியை ஒப்பிடவில்லை, இன்மை என்ற விளக்கம் போதுமா என்றுதான் பார்க்கிறேன். மனிதரிடத்திலும் அது போதவில்லை. இனவெறிக்கு அன்பின் குறைவு மட்டும் காரணமென்றால், தன் மக்கள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் அதில் முன்னே நிற்பது ஏன்? முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்று சித்தாந்தம் சொல்வதை இங்கே சேர்த்துப் படிக்கவேண்டும். அழுத்தம் குறைந்தால் கொதிக்கும் இயல்பை நீரிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. அதனால்தான் பழுது நீக்கிய ரன்னரையும் அடுத்த பராமரிப்பில் பிளேடு பிளேடாக மறுபடி பார்க்கிறார்கள்.