சாமியானா எந்தப் பக்கம்?

பள்ளி ஆண்டு விழாவோ சுதந்திர தின விழாவோ, காட்சி பல ஊர்களில் ஒன்றுதான். மேடைக்குச் சாமியானா போட்டிருக்கும். அதன் கீழே நாற்காலிகள், விரிப்புப் போட்ட மேசை, தண்ணீர் பாட்டில்கள். எதிரே திறந்த மைதானத்தில் பிள்ளைகள் வகுப்பு வாரியாக வரிசையில் நிற்பார்கள். விருந்தினர் வரத் தாமதமானால் வரிசையும் காத்திருக்கும். நடுவே ஒரு சிறுமி மயங்கிச் சரிவாள். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். "காலையில சாப்பிடாம வந்திருப்பா" என்று யாராவது சொல்வார்கள். வரிசை கலையாது.

யாரோ சொன்ன அந்த வார்த்தையைச் சும்மா விட்டுவிட முடியாது. மயக்கத்தின் பொறுப்பு அந்த நொடியிலேயே பிள்ளையின் தலையில், அவள் வீட்டு அடுப்பின் தலையில் ஏற்றப்பட்டுவிடுகிறது. வெறும் வயிறும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வெயிலில் அசையாமல் நிற்கிற உடம்பில் வேறொன்றும் நடக்கிறது. சூட்டை வெளியேற்றத் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நடந்தால், ஓடினால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும். விறைப்பாக நிற்கிறவர்களுக்கு அந்த உதவி இல்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. அணிவகுப்பில் பயிற்சி பெற்ற போலீசாரும்கூட இப்படி விழுவதுண்டு.

வெயிலே பிள்ளைகள்மேல் படக்கூடாது என்று யாரும் வாதிட முடியாது. வைட்டமின் டி உண்டாக வெயில் வேண்டும். கண்ணுக்கும் வெளி வெளிச்சம் வேண்டும். கிட்டப்பார்வை பெருகியதைக் கண்ட தைவான், பிள்ளைகள் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கவேண்டும் என்று 2010இல் ஒரு திட்டமே தொடங்கியது. அந்த வெளிச்சத்துக்காக உச்சிவெயிலில் நிற்க வேண்டியதில்லை என்பது இதில் நல்ல செய்தி. ஒரு புங்கை மரத்தடியின் வெளிச்சமே வகுப்பறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

"வெளிய விளையாடாதே, கறுத்துப் போயிடுவே" என்று சொல்லிப் பெண் பிள்ளைகளை உள்ளே உட்காரவைப்பதும் பாதுகாப்பு ஆகாது. அது அவர்களுடைய நிறத்தின்மேல் வைக்கிற குற்றச்சாட்டு. ஆரோக்கியத்துக்காக நிழல் தருவதும் அழகுக்காக நிழலில் அடைப்பதும் ஒன்றல்ல. பின்னதைக் கேட்டு வளர்கிற பிள்ளை தன் தோலை வெறுக்கக் கற்றுக்கொள்கிறாள்.

அடுத்து வருவது உரம் ஏற்றும் வாதம். வயலிலும் செங்கல் சூளையிலும் நூறு நாள் வேலையிலும் பெற்றோர் வெயிலில்தானே உழைக்கிறார்கள், பிள்ளை அரை மணி நேரம் நிற்கக்கூடாதா? இந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. உடம்பு வெப்பத்துக்குப் பழகும். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், இடையில் ஓய்வும் தண்ணீரும் வேண்டும். கோடை விடுமுறை முடிந்து வந்த பிள்ளையை மூன்றாம் நாள் மைதானத்தில் நிறுத்திவைப்பது பழக்குவதாகாது. தவிர, களை பறிக்கிற அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள், தாங்காவிட்டால் வரப்போர மரத்தடியில் ஒதுங்குவாள். வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு அந்த உரிமை கிடையாது.

அறக்கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நகராதே என்று கட்டளையிட்டவர், நகர்ந்து போய்த் தேடியிருக்கக்கூடிய நிழலுக்கும் பொறுப்பேற்கிறார். பிறருடைய கால்களைக் கட்டிப்போட்டுவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளும் கடமையை மட்டும் அவர்களிடமே விடுவது நியாயமில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்கிறது. வீட்டுப்பாடம் எழுதாத பையனை வெயிலில் முட்டி போடவைத்தால் அந்தத் தடையை மீறியதாகும். அதே பையனை அதே மைதானத்தில் அதைவிட அதிக நேரம் வரவேற்புக்காக நிறுத்தினால் அது விழா. நோக்கம் வேறு என்பது உண்மை. வரவேற்பில் வன்மம் இல்லை. ஆனால் நோக்கத்தின் நல்லது கெட்டது நிறுத்தியவருக்குச் சொந்தம், வெயில் நின்றவனுக்குச் சொந்தம்.

ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் அதிகம். அங்கே 1980களிலிருந்தே வெயிலிலிருந்து காத்துக்கொள்ளச் சொல்லிப் பிரசாரம் நடக்கிறது. தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் 'தொப்பி இல்லையேல் விளையாட்டு இல்லை' என்றொரு விதி உண்டு. தொப்பியை மறந்த பிள்ளை நிழலில் மட்டுமே இருக்க வேண்டும். அம்மா எடுத்துவைக்க மறந்ததற்கு ஏழு வயதுப் பிள்ளை விளையாட்டை இழப்பது சரியா என்ற கேள்வி அங்கேயும் எழத்தான் செய்யும். பள்ளியிலேயே நாலைந்து தொப்பி உபரியாக வைத்திருந்தால் தீர்ந்துபோகிற விஷயம் அது. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஓர் அம்சம் மிகவும் உயர்வானது. வெளியே வரும் ஆசிரியரும் தொப்பி போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வெயில் எல்லோருக்கும் ஒன்று, விதியும் ஒன்று.

நம் பள்ளிகளுக்குத் தொப்பியைவிட அவசரமானது தண்ணீர். கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கத் தொடங்கியது அருமையான யோசனை. ஆனால் கழிப்பறை சரியில்லாத பள்ளியில் மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் குடிக்கமாட்டார்கள். ஒரு வாய் தண்ணீருக்குப் பின்னால் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு வேண்டியிருக்கிறது. இதை அறியாத பெண் ஆசிரியர் இருக்க முடியாது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பிரேயரைப் பத்து நிமிடத்தில் முடிப்பதற்குப் பணம் வேண்டாம், மரத்தடியிலோ வகுப்பிலோ நடத்துவதற்கும் வேண்டாம். பி.டி. வகுப்பைக் காலை முதல் பாடவேளைக்கு மாற்ற ஒரு கால அட்டவணையைத் திருத்தினால் போதும். விழாவுக்கு ஒரே ஒரு சாமியானாவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அதைப் பிள்ளைகள் பக்கம் போடலாம். மேடையில் இருப்பவர்கள் வெயில் தாங்காவிட்டால் எழுந்து வராந்தாவுக்குப் போய்க்கொள்வார்கள். அவர்களை யாரும் தடுக்கப்போவதில்லை.