தீரா நோயும் தீராக் கடமையும்

நோய் தீராதென்று தெரிந்தபின்னும் அந்நோயுற்ற உயிரைப் பேணுதல் கடமையாகுமா என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும். மனிதர் திறத்து இவ்வினாவை எழுப்ப நாணுகின்றோம். வாயில்லாப் பிராணியின் திறத்தோ நாணாது எழுப்பி, விடையையும் நமக்கு வசதியாகவே சொல்லிக்கொள்ளுகின்றோம்.

நுரைச்சோலையில் எம் இல்லத்து வளரும் கடுவன் பூனையொன்று, மீன் வந்திறங்கும் கரைக்குச் சென்று பிற பூனைகளோடு பொருது புண்பட்டு மீளுவது வழக்கம். ஒருகாற் பட்ட புண் ஆறவில்லை. முரசு வீங்கி, உண்ண இயலாது மெலிந்தது. மிருக வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரசு அதனுடலிற் புகுந்துள்ளதென்றார். அயலார் ஒருவர், "அஃது அதன் வினைப்பயன், வாத்தியாரையா, கரையிலேயே விட்டுவிடுங்கள்" என்றார். வீட்டிற் சிறுபிள்ளைகள் உளரென்னும் அச்சத்தால் யானும் அதற்கு இணங்கவிருந்தேன், அதனை மறைக்கமாட்டேன்.

அவ்வச்சம் அறியாமையால் விளைந்தது. இவ்வைரசு 1986ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவிலுள்ள பெற்றலூமா என்னுமூர்ப் பூனைகளிடத்துப் பீடர்சன், யமமோட்டோ என்னும் அறிஞர்களாற் கண்டறியப்பட்டது. மனிதரை வருத்தும் எயிட்சு வைரசுக்கு இனமாயினும், இது மனிதரைப் பற்றாது. பெரும்பாலும் கடிவழியே பூனைக்குப் பூனை பரவும். நோயை எதிர்க்கும் வெண்குருதியணுக்களை இது சிதைத்தலின், பிற பூனைகட்குச் சிறிதாகிய புண்ணும் இதனையுற்ற பூனைக்குப் பெரிதாகும். இதனை அறவே ஒழிக்கும் மருந்தில்லை. எனினும் நன்கு பேணப்படும் பூனை பல்லாண்டு வாழ்தல் உண்டு. அன்றியும், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியிற் சோதனை நோயைக் காட்டினும், அது தாயினின்று பெற்ற எதிர்ப்பொருளாகவும் இருக்கலாமாதலின், பின்னர் மீண்டும் சோதித்தல் வேண்டும். ஒரு சோதனையை நம்பி ஓருயிரைக் கைவிடுதல் எத்துணைப் பிழை!

பேணுமுறை அரிதன்று. வெளியே திரியவிடாது வைத்தல். பச்சை மீனும் இறைச்சியும் விலக்கி வேகவைத்தே ஊட்டுதல். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல். வாயையும் தோலையும் எடையையும் அடிக்கடி பார்த்தல். ஆறு மாதத்துக்கொருமுறை வைத்தியரிடம் காட்டுதல். சிறு காய்ச்சலையும் நாளைக்கென்று ஒத்திவையாமை என்பனவே.

உலாவித் திரியும் பிராணியை அடைத்தல் கொடுமையன்றோவெனின், அடைத்தல் மாத்திரமே செய்து ஒழியின் கொடுமையேயாம். அக்கதவு அதனைப் பிற நோய்களினின்றும், பிற பூனைகளை அதன் கடியினின்றும் காக்கின்றது. ஆயினும் நாம் பறித்த வெளிக்கு ஈடாகச் சாளரத்து வெயிலும் விளையாட்டும் உடனிருப்பும் அளித்தல் நமக்குக் கடனாகும்.

இனி, வினைப்பயனென்று கூறினாரே, அதுவென்னை? வினையென்பது நம் துன்பத்தை நாம் பொறுத்தற்குரிய அறிவேயன்றிப் பிறிதோருயிரின் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்றற்குரிய சாக்கன்று. அப்பூனை நம் வாயிலில் வந்து கிடத்தல் வினைவழியாயின், நம் கையிலுள்ள மருந்தும் அவ்வழியே வந்ததன்றோ? குணமாகும் நோயாளியைப் பேணுவார்க்குக் குணமே கூலி. குணமாகாததைப் பேணுவார்க்கு அக்கூலியில்லை. ஆதலின் அன்பு எதனைக் கருதியது என்பது ஆண்டே விளங்கும்.

எம் பூனையின் புண் ஆறிற்று; நோய் தீரவில்லை. காலைதோறும் அதன் வாயைத் திறந்து பார்த்த பின்னரே யான் பாடசாலைக்குப் புறப்படுகின்றேன்.