ஓட்டுப் போட்டாச்சு, அப்புறம்?

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போடுறோம். அதோட நம்ம கடமை முடிஞ்சிடுதா? "நாம சொன்னா யாரு கேட்கப் போறாங்க" என்று கைவிரிக்கும் நண்பர்களுக்கு நம்ம தைப்பூசத்தையே பதிலாகச் சொல்லலாம்.

சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973ல் தடை வந்தது. போட்டிக் குழுக்களுக்கு இடையே சண்டை வந்து ஊர்வலம் தடைபட்டதுதான் அதிகாரிகள் சொன்ன காரணம். மேளச் சத்தம் இல்லாமல் காவடி தூக்குவது எத்தனை பேருக்கு மனக்குறையாக இருந்தது என்று நமக்கே தெரியும். 2015ல் இசை தொடர்பான தகராறு கைகலப்பாக மாறி 3 பேர் கைதானார்கள். தடையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுவும் தள்ளுபடியானது. இன்னொரு பக்கம், இந்து அறக்கட்டளை வாரியம் பக்தர்களை அழைத்துப் பேசியது. 2016ல் ஊர்வல வழியில் 3 இடங்களில் நேரடி இசை ஒலித்தது, 40 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு!

"வெறும் 3 இடமா? வழிபாடு நம்ம உரிமையாச்சே" என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதுதான். மக்கள் குறையை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் பேச்சே தொடங்கியிருக்காது. ஆனால் கூட்டம் நகராமல் நின்றால் யார் பொறுப்பு, குழுக்கள் மோதினால் யார் தடுப்பது என்ற கேள்விகளுக்குக் கோபம் மட்டும் பதிலாகாது. "அதை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்ல ஆள் வேண்டும். இசையை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் அதைச் சுற்றிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம். இரண்டு தரப்பும் ஏற்கக்கூடிய வழி அது.

சரி, நமக்கு வேண்டியதைக் கேட்பதோடு நின்றுவிடலாமா? ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நாம் பார்க்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இங்கே ஓட்டே கிடையாது. வீட்டுப் பணிப்பெண்களுக்கும் அப்படித்தான். பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று 2008ல் இங்குள்ள தொண்டு அமைப்புகள் இயக்கம் தொடங்கின. 2012ல் அரசாங்கம் அதை அறிவித்தது. 2013 ஜனவரி முதல் வழங்கப்பட்ட வேலை அனுமதிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஓய்வு நாளால் அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. இதைத்தானே நாம் சேவை என்கிறோம்?

நாடாளுமன்ற உறுப்பினரை வாரந்தோறும் நம்ம வட்டாரத்திலேயே சந்திக்கலாம். போகும்போது குறையை மட்டும் கொண்டு போகாதீங்க. அதனால் யாருக்கு என்ன கஷ்டம், தீர்வில் நம்ம பங்கு என்ன என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டு போங்க. அடுத்த தைப்பூசத்தில் சும்மா வேடிக்கை பார்க்காமல் தொண்டூழியராக நில்லுங்க. எங்கே கூட்டம் தேங்குது, எங்கே இன்னும் இசை வைக்கலாம் என்று அப்போதுதான் நமக்கே புரியும். அதற்கடுத்த கலந்துரையாடலில் பேச நம்மிடம் விஷயமும் இருக்கும்.