நினைவும் ஒரு கடனே

அல்லாஹுத் தஆலாவைப் புகழ்ந்தும், அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது ஸலவாத்துக் கூறியும் தொடங்குகிறோம்.

கண்ணியமிக்க சகோதரர்களே! திருக்குர்ஆன் ஷரீபில், நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நம்மோடு பேசுவது போன்ற ஆயத்து ஒன்று உண்டு. ஸூரத்துல் பகராவின் 282-ஆவது ஆயத்து அது. குர்ஆன் முழுவதிலும் மிக நீளமான ஆயத்தும் அதுவே. அது எதைப் பற்றிப் பேசுகிறது? கடனை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது!

தவணை வைத்துக் கொடுக்கும் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறான் ரப்புல் ஆலமீன். எழுதுகிறவன் நீதியோடு எழுத வேண்டும். கடன் பட்டவனே வாசகம் சொல்ல வேண்டும். தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதற்குச் சலிக்கக் கூடாது. சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும். சாட்சிகள் அழைக்கப்பட்டால் வர மறுக்கக் கூடாது. இத்தனை விவரமாக ஏன்? மனிதன் மறப்பவன். மறதி வந்த இடத்தில் சந்தேகம் வரும். சந்தேகம் வந்த இடத்தில் சண்டை வரும். படைத்தவனுக்கு நம்மைத் தெரியாதா?

இதன் பலனை இந்த மண்ணிலேயே கண்ட காலம் ஒன்று உண்டு. 1942 ஜனவரி 11-ஆம் தேதி ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாழைமரம் அச்சிட்ட நோட்டுத்தான் புழங்கியது. 1945-ல் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது அந்த நோட்டு வெறுங்காகிதமாயிற்று. அந்த நோட்டில் வாங்கிய கடனை இனி எந்தக் கணக்கில் தீர்ப்பது? இந்த வழக்கைத் தீர்க்க 1948-ல் மலாயாவில் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. ஜப்பான் நோட்டின் மதிப்பு மாதத்துக்கு மாதம் சரிந்துகொண்டே போனபடியால், கடன் எந்த மாதம் வாங்கியது என்பதைப் பொறுத்துத் தொகை மாறியது. தேதி போட்டு எழுதி வைத்தவனுக்குப் பேச ஆதாரம் இருந்தது. வாய்க்கணக்கு வைத்திருந்தவன் எதைக் காட்டுவான்?

சகோதரர்களே! வியாபாரக் கடனுக்கு இவ்வளவு கவனம் எடுக்கிற நாம், இன்னொரு கடனை எழுதாமலே விட்டிருக்கிறோம். நமக்கு முன்னால் இந்த நாட்டில் வாழ்ந்து, உழைத்து, துன்பப்பட்டு, மண்ணில் அடங்கிப்போனவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்தான் அது. நினைவும் ஒரு கடனே.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா முதன்முதலில் 1863-ல் மரத்தால் கட்டப்பட்டது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மரத்தைச் சுமந்தவர் யார்? பள்ளிக்குத் தண்ணீர் இறைத்தவர் யார்? மாதச் சந்தா கொடுக்க முடியாமல் உடல் உழைப்பைக் கொடுத்தவர் யார்? ஆண்டைச் சொல்கிறோம், ஆளைச் சொல்ல முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அதே பிரிக்பீல்ட்ஸில் 2010 அக்டோபர் 27-ஆம் தேதி இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்து வைத்தார்கள். தோரணம் அழகுதான். ஆயினும் தோரணம் சாட்சி சொல்லுமா? அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் பெயரை அது அறியுமா?

எழுதியதற்கும் எழுதாததற்கும் உள்ள பேதத்தைச் சயாம் மரண ரயில் ஒன்றே போதும், காட்டிவிடும். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட பாதை அது. 415 கிலோமீட்டர் நீளம். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். காடு, மழை, பசி, காலரா! வேலை செய்த போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம். பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது; படைப்பிரிவு இருக்கிறது; வயது இருக்கிறது. பேரன் பேத்திகள் கடல் கடந்து வந்து பூ வைக்கிறார்கள்.

அதே பாதையில் நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும், பர்மியரும், ஜாவானியரும், மலாய்க்காரரும், சீனரும் வேலை செய்தார்கள். அவர்கள் எத்தனை பேர்? ஒருவர் கணக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்கிறது. இன்னொருவர் கணக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. மாண்டவர் எத்தனை பேர்? கைதிகளில் மாண்டவர்களைப் போலப் பல மடங்கு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எண்ணிக்கையில்தான் ஒற்றுமை இல்லை. கணக்கில் பதினாயிரக் கணக்கில் பேதம் வருகிறதே, அந்தப் பேதத்துக்குள் அடங்கியிருப்பவர்கள் மனிதர்கள் அல்லவா? ஒரு வெள்ளி குறைந்தால் இரவெல்லாம் சிட்டையைப் புரட்டுகிற நமக்கு இது உறைக்க வேண்டாமா?

ஏன் இந்தப் பேதம்? பட்டாளத்தான் பெயர் பட்டியலில் இருந்தது. கைதிகளில் சிலர் உயிருக்குத் துணிந்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்களுடைய அரசாங்கங்கள் ஆளனுப்பிச் சடலங்களைத் தேடி எடுத்தன. தோட்டத்து ராமனுக்கும் மரியத்துக்கும் அப்துல்லாவுக்கும் முழுமையான பட்டியல் எதுவும் மிஞ்சவில்லை. 1957-ல் இந்த ரயிலைப் பற்றி வெளிவந்த ஆங்கிலப் படம் உலகமெல்லாம் ஓடியது. அதில் கதாநாயகர்கள் வெள்ளைச் சிப்பாய்கள். நம் தோட்டத்து மக்களுக்கு அதில் கதை இல்லை. எழுதியவன் நினைக்கப்பட்டான், எழுதப்படாதவன் மறக்கப்பட்டான். பின்னாளில் இந்நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று தமிழில் நாவல் எழுதினார். அண்மைக் காலத்தில் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்களுக்கென ஒரு நடுகல்லும் எழுந்திருக்கிறது. நன்றி சொல்ல வேண்டிய காரியங்கள். ஆனாலும் நடுகல்லில் பெயர் வெட்டப் பெயர் வேண்டுமே!

அந்தப் பெயர்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், வியாபாரிகளாகிய நாம் திடுக்கிட வேண்டும். தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்து அரிசியும் கருவாடும் கடனுக்குக் கொடுத்தவர்கள் நம்மவர்களிலும் உண்டல்லவா? பற்று வரவு நோட்டில் இன்னார், இன்ன வரிசை வீடு, இவ்வளவு பாக்கி என்று எழுதியிருப்பார்கள். அந்த ஏழையின் பெயர் இந்த உலகத்தில் காகிதத்தில் ஏறிய இடம் அந்தப் பற்றுக் கணக்கு ஒன்றாகவே இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட பேரேடுகளைக் கடை கைமாறும்போது பழைய காகிதக்காரருக்கு நிறுத்துப் போட்டுவிடுகிறோம். பாக்கி வராது என்று தெரிந்ததும் நோட்டுக்கு விலை போய்விட்டதாக எண்ணுகிறோம். சாட்சியத்தை எடைக்குப் போடலாமா?

‘பழங்கதை எதற்கு, வியாபாரத்தைப் பார்ப்போம்’ என்பார் சிலர். ‘பட்ட வேதனையை ஏன் கிளற வேண்டும்’ என்பார் வேறு சிலர். ஸஹாபாப் பெருமக்கள் காட்டிய வழியை அவர்கள் சிந்திக்கட்டும். நாயகம் அவர்கள் மறைந்த பின், ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுடைய கிலாபத்தில் யமாமா யுத்தம் நடந்தது. குர்ஆனை நெஞ்சில் சுமந்த ஹாபிழ்கள் பலர் அதில் ஷஹீதானார்கள். ஹஜ்ரத் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் பதறினார்கள். மனனம் செய்தவர்கள் போய்விட்டால் என்னவாகும் என்று கேட்டார்கள். அபூபக்கர் அவர்கள் முதலில் தயங்கி, பிறகு இணங்கி, ஜைது இப்னு தாபித் ரலியல்லாஹு அன்ஹு அவர்களிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஓலை மட்டையிலும் கல்லிலும் நெஞ்சங்களிலும் இருந்ததை அவர்கள் தேடித் திரட்டினார்கள். அல்லாஹ்வின் கலாமையே பாதுகாக்க, சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும் என்று அவர்கள் கண்டிருக்க, நம்முடைய சாதாரண நினைவுகள் தாமாக நிலைத்துவிடுமா? 1942-ல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நம் யமாமா நம் வீடுகளிலேயே தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

எழுதுவதென்றால் எதை எழுதுவது? இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நாம் கூடிப் பேசினால் பெருமைக் கதைதான் முன்னே வருகிறது. ‘எங்கள் பாட்டனார் வந்த பிறகுதான் இந்தத் தெருவில் கடை வந்தது’ என்கிறோம். ஆனால் திருமறை, சென்றுபோன சமுதாயத்தார் தேடியது அவர்களுக்கு, நீங்கள் தேடியது உங்களுக்கு என்ற கருத்தை ஸூரத்துல் பகராவில் இரண்டு முறை நினைவூட்டுகிறது. பாட்டனாரின் வரவு நம் கணக்கில் வரவாகாது. அவரை நினைப்பது பாடம் பெறவே. மார் தட்ட அன்று.

மேலும், நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று ஸூரத்துந் நிஸாவின் 135-ஆவது ஆயத்துக் கட்டளையிடுகிறது. ஜப்பான் காலத்தில் அரிசி தட்டுப்பாடான போது பதுக்கி விற்றவர்கள் எல்லாச் சமூகத்து வியாபாரிகளிலும் இருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டே கைம்பெண்களுக்கு அரிசி அளந்தவர்களும் இருந்தார்கள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது ஐந்தொகை ஆகாது. அப்படியே அடுத்த வீட்டார் துயரையும் எழுத வேண்டும். சயாமுக்குப் போன தமிழர்களில் பெரும்பாலோர் ஹிந்து சகோதரர்கள். ‘நம்மவர் எத்தனை பேர்’ என்று மட்டும் எண்ணுகிற சாட்சி அரைச் சாட்சி.

மலாக்காவில் பிறந்த, தமிழ் வமிசமும் அரபு வமிசமும் கலந்த முன்ஷி அப்துல்லாஹ், தம் சரித்திரத்தைத் தாமே மலாய் மொழியில் எழுதினார், 1849-ல் அச்சாயிற்று. சிறு வயதில் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதையும், கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டியிருந்ததால் மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்பதையும் அதில் குறித்திருக்கிறார். ஒரு மனிதர் பேனா எடுத்தபடியால் இருநூறு வருஷத்துக்கு முந்திய வழக்கம் இன்றும் சாட்சியோடு நிற்கிறது.

ஆகவே, சகோதரர்களே, மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, நம் வீட்டில், நம் தெருவில் உள்ள முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்போம். ஊர், தோட்டம், ஆண்டு, பெயர் ஆகியவற்றை எழுதி, இன்னார் சொன்னார், இன்னார் கேட்டார் என்று கையெழுத்தும் வாங்குவோம். ஹதீஸைச் சொன்னவர் யாரிடம் கேட்டார் என்று ஸனது பார்க்கிற சமுதாயம் நாம். அது நமக்குப் புதிய வேலையல்ல. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் இரண்டையும் எழுதுவோம். இரண்டாவது, பழைய பேரேடு, கடிதம், ரசீது, அரபுத் தமிழில் நம் பாட்டிமார் எழுதிவைத்த ஏடு எதையும் எடைக்குப் போடாமல் பள்ளி ஜமாஅத்தில் ஓர் அலமாரி வைத்துக் காப்போம். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் இருவர் மூவரையாவது படிக்க வைப்போம். மூன்றாவது, பணக்காரர் பெயருக்கு முன்னால் ஏழையின் பெயரை எழுதுவோம். கொடையாளிக்குக் கல்வெட்டு இருக்கிறது. கூலியாளுக்கு நம் நோட்டை விட்டால் வேறு இல்லை.

நாயகம் அவர்களிடம் ஜனாஸா கொண்டுவரப்பட்டால், இவருக்குக் கடன் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒரு முறை கடன் இருக்கிறது என்று சொல்லப்பட்டதும் தொழுவிக்கத் தயங்கி நின்றார்கள். அபூ கதாதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், அந்தக் கடன் என் பொறுப்பு என்றார்கள். பிறகே தொழுகை நடந்தது. மையித்தின் கடனை உயிரோடிருப்பவர் ஏற்றார்! பெயரில்லாமல் மண்ணில் கிடப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை நம்மில் யார் ஏற்பது?

வல்ல ரஹ்மான் நம் நாவில் உண்மையையும், நம் எழுத்தில் நீதியையும், நம் நெஞ்சில் பணிவையும் தந்தருள்வானாக! இந்த மண்ணில் அடங்கிய நம் முன்னோர்களுக்கு மஃபிரத்தை அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.