சும்மா பாத்ததுக்குக் காசா?

சிங்கப்பெருமாள்கோவில் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. மே மாதம், பகல் 2 மணி, ஜி.எஸ்.டி. ரோடு. பின்சீட்டில் அம்மா, மடியில் பழத்தட்டு. திண்டிவனத்தில் ஒரு நிச்சயதார்த்தம். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மரத்தடியில் அரை மணி நேரம் நின்றுவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது.

17 வயது பெட்ரோல் கார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். குற்றம் கம்பெனி மேல் இல்லை, வயசு மேல்.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏ.சி. அறை, டீ, டி.வி. எல்லாம் உண்டு. "ப்ளக், பேட்டரி வீக்கா இருக்கும்னு நினைக்கிறேன்" என்று நானே நோயைச் சொல்லிவிட்டேன். (பி.காம். படித்தவனுக்கு எதிலும் அபிப்பிராயம் உண்டு.) அவர்களும் ப்ளக், பேட்டரி, கூடவே இக்னிஷன் காயில் மாற்றிக் கொடுத்தார்கள். பில் 11,400 ரூபாய். வாயைத் திறக்காமல் கொடுத்தேன். பொருளுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி என்று கச்சிதமான பில். கழற்றிய ப்ளக்குகளைக்கூட ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்கவே திருப்தியாக இருந்தது.

ஒன்பது நாள் நன்றாக ஓடியது. பத்தாம் நாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது நின்றது. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. டிரைவர் என் பரம்பரையையே விசாரித்தார்.

அந்த ஒன்பது நாளைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். அந்த வாரம் கோடை மழை பெய்து ஊர் குளிர்ந்திருந்தது. சூட்டில் படுத்துக்கொள்ளும் கோளாறு, சூடு இல்லாததால் தலை காட்டவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் சர்வீஸ் சென்டர்காரரைக் கேட்டால், "மாத்தினோம், ஓடிச்சு" என்பார். பொய் இல்லை. அவரும் அதை நம்பித்தான் சொல்லியிருப்பார். ஐந்து சாமானை வரிசையாக மாற்றி, ஐந்தாவதில் வண்டி ஓடினால், ஐந்தாவதுதான் குற்றவாளி என்று கேஸ் முடிந்துவிடும். முதல் நாலும் நிரபராதிகளாக இருந்திருக்குமே என்று யாரும் கேட்பதில்லை. தூக்கில் போட்ட பிறகு என்ன விசாரணை?

ஒரு நண்பர் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பாயிடம் அனுப்பினார். அறுபது வயது இருக்கும். பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். காலையில் நிக்குதா, மதியமா? ஓட்டம் குறைஞ்சு குறைஞ்சு நிக்குதா, படக்குன்னா? பின்னாடி சீட்டுக்கு அடியில ரீங்காரம் கேக்குதா?

"பெட்ரோல் எவ்வளவுக்குப் போடுவீங்க சார்?"

"எப்பவும் அரை டேங்க் இருக்கும் பாய்" என்றேன். சுத்தப் பொய். முந்நூறு ரூபாய்க்குப் போட்டு, ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுகிற ஜாதி நான். டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் அந்தப் பம்ப் மோட்டாருக்கு, சுற்றியும் உள்ளேயும் ஓடுகிற பெட்ரோல்தான் குளிர்ச்சி என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன். டாக்டரிடம் சிகரெட் எண்ணிக்கையை யார் சரியாகச் சொல்கிறார்கள்? குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிப் பாட்டு வைத்தியத்துக்கு நாலு அங்கம் சொல்கிறது. அதில் முதலில் வருவது மருத்துவரோ மருந்தோ இல்லை, நோயாளி. நான் முதல் அங்கத்திலேயே ஃபெயில்.

பாய் பெட்ரோல் லைனில் ஒரு பிரஷர் மீட்டரை மாட்டினார். அதன் குழாயைப் பானெட் இடுக்கு வழியாக வெளியே இழுத்து, மீட்டரை முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார். "வாங்க, ஒரு ரவுண்டு போலாம்." கெட்டுப்போகும்போது கூட இருக்க வேண்டுமாம், கெட்ட பிறகு வந்து பார்த்துப் பிரயோசனமில்லையாம். கடற்கரைச் சாலை, அடையாறு, திரும்பி சாந்தோம். முள் 3 கிலோவில் நின்றது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மெல்ல இறங்கியது. ஒன்றரைக்கு வந்ததும் வண்டி இருமி, நின்றது. பாய் முகத்தில் ஒரு சந்தோஷம்.

அப்போதும் பம்ப்தான் என்று அவர் சொல்லவில்லை. பின்சீட்டைத் தூக்கி, பம்ப்புக்கு வரும் வயரில் மல்ட்டிமீட்டரை வைத்தார். என்னைச் சாவி போடச் சொன்னார். 12 வோல்ட் வருகிறது. எர்த் வயரும் சரி. மோட்டாரிடம்தான் சத்தமே இல்லை.

"வயர்ல கரண்ட் வராம பம்ப் ஓடலேன்னா, பம்ப் மேல பழி போடக் கூடாது சார். சோறு போடாம, வேலை செய்யலேன்னு திட்ற மாதிரி ஆயிடும்."

கடைசியாக டேங்குக்கு அடியில் ரப்பர் சுத்தியால் ரெண்டு தட்டு தட்டினார். 'ங்ங்ங்' என்று மோட்டார் முனகியது. வண்டி கிளம்பிவிட்டது. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துபோன மோட்டார், அதிர்ச்சி கொடுத்தால் கொஞ்ச நேரம் பிழைக்குமாம். இப்போதுதான் சொன்னார்: "பம்ப்தான்."

மாற்றுகிற வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றி, லைனில் இருந்த பிரஷரை இறக்கி, பக்கத்துக் கடைக்காரரின் பீடியை அணைக்கச் சொல்லி, தீப்பொறி வராத பித்தளை உளியால் வளையத்தைத் தட்டிக் கழற்றினார். புதுப் பம்ப், புது வலை, புது ரப்பர் வளையம். முடிந்தது.

பில்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பம்ப் 3,200. வலையும் ரப்பரும் 250. கூலி 900. கடைசி வரியில்: செக்கிங் 600.

"இது என்ன பாய், சும்மா பாத்ததுக்கா?"

கேட்டுவிட்டேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டார். "விடுங்க சார்."

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. தேவையே இல்லாத சாமான்களுக்கு 11,400 ரூபாயை முனகாமல் கொடுத்தவன், தேவையானதைக் கண்டுபிடித்ததற்கு 600 கொடுக்க மூக்கால் அழுதிருக்கிறேன். ஒரு நாளில் பாதியை அவர் செலவழித்தது அந்தக் கடைசி வரிக்காகத்தான். மற்றதை எல்லாம் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்தப் பையனும் செய்துவிடுவான்.

ஊசி போடாமல் அனுப்புகிற டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க மனசு வராத ஊர் இது. "ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லத்தானே அவர் அத்தனை வருஷம் படித்தார்? நான் படித்த வணிகவியலில் ஆடிட்டருக்கு மட்டும் இந்தக் கஷ்டம் கிடையாது. கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கே அவருக்குச் சம்பளம். அதுவும் சட்டம் கட்டாயப்படுத்துவதால்தான். முதலாளிகளின் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்கள் என்பது தெரிந்ததே.

அதற்காக, சோதிக்காமல் மாற்றுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. முந்நூறு ரூபாய் ஃபில்டருக்காக அரை நாள் ஆராய்ச்சி செய்வது மடத்தனம், மாற்றிப் பார்த்துவிடலாம். தப்பு மாற்றுவதில் இல்லை. சந்தேகத்தை நிச்சயம் மாதிரி விற்பதில் இருக்கிறது. "எனக்கு நிச்சயமா தெரியல சார், மாத்திப் பாக்கறேன், சரியாகாமலும் போகலாம்" என்று அந்த சர்வீஸ் சென்டர்காரர் சொல்லியிருந்தால் அது நேர்மை. ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? 'இவனுக்குத் தொழில் தெரியாது' என்று அடுத்த சர்வீஸ் சென்டருக்குப் போயிருப்பேன். தெரியாது என்று சொல்கிறவனைத் தண்டித்துவிட்டு, பார்த்துச் சொல்கிறவனின் கூலியையும் வெட்டிவிட்டு, ஊரில் நல்ல மெக்கானிக்கே இல்லை என்று அங்கலாய்க்கிறோம். ஏமாற்றச் சொல்லி நாமேதான் காசு கொடுக்கிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து முன்சக்கரத்தில் ஏதோ சத்தம். பாயிடமே போனேன். சக்கரத்தைக் கழற்றி, சுற்றிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, சிக்கியிருந்த ஒரு சின்னக் கல்லை எடுத்துப் போட்டார். "ஒண்ணுமில்ல சார், போங்க."

இந்தத் தடவை உஷாராக இருந்தேன். போன தடவை அடித்த 600-ஐயும் சேர்த்து எண்ணி, பெஞ்சில் வைத்தேன். பாய் பதறிப்போனார்.

"ஒண்ணுமே பண்ணலையே சார், எதுக்குக் காசு?"

"பாத்தீங்கல்ல?"

அவருக்குச் சரிப்படவில்லை. ரொம்ப வற்புறுத்திய பிறகு பணத்தை எடுத்துக்கொண்டார். உடனே கடைப் பையனைக் கூப்பிட்டு, "சார் வண்டிக் கண்ணாடியெல்லாம் நல்லா தொடைச்சுக் குடுடா" என்றார்.